சுங்குவார்சத்திரம்: ஒரு ஞாயிறும் கால் கிலோ ஈரலும்

“அப்படியும் ஒரு வைத்தியம் இருக்கிறது” என்று அன்று நான் செங்கேணியிடம் சொல்லவில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னேன், வியாழக்கிழமை தவறாமல் வரச் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை.

1991 நவம்பர். சென்னையில் கல்லீரல் நோய்ப் பிரிவில் மேற்படிப்பின் கடைசி மாதங்கள். மறைமலை நகரில் லேத் ஓட்டிய முனுசாமி, சுருங்கி இறுகிப்போன கல்லீரலோடு எங்கள் வார்டிலிருந்து வீடு திரும்பியவர், மூன்று வியாழனாக வரவில்லை. வயிற்றில் நீர் கோத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். பெரிய டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்.

பாரிமுனையில் காலை 6.40க்குக் காஞ்சிபுரம் பேருந்து. டிக்கெட் ஏழு ரூபாய். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர். சுங்குவார்சத்திரத்தில் இறங்கும்போது 8.50. மழை விட்டிருந்தது. (செருப்பு தேறவில்லை.) டீக்கடையில் வழி கேட்டேன்.

“லேத்து முனுசாமி வூடா? தோ, கறிக்கடையாண்ட நிக்குது பாரு, அவரு சம்சாரம். வாராவாரம் ஈரல் வாங்கிக்கினு போவும்.”

செங்கேணி என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை முந்தானைக்குள் தள்ளினாள்.

“இன்னா டாக்டரம்மா, இவ்ளோ தூரம்?”

“நீங்க ஏன் வரல?”

“வந்தா திட்டுவீங்க. கறி ஆவாதுன்னு சீட்டுல எழுதிட்டீங்க. அவருக்குக் கெட்டது ஈரலு. ஈரல் துன்னாத்தானே ஈரல் ஊறும்?”

கறி கூடாது என்று எழுதியது நான்தான். அன்றைய பாடம் அது. ஏரிக்கரையோரம் மூன்று கிலோமீட்டர் நடந்தோம். கட்டிலில் முனுசாமியைப் பார்த்ததும் பாடம் குழம்பிவிட்டது. வயிறு பானை மாதிரி, கைகளில் சதையே இல்லை. இந்த மனிதரையா பட்டினி போடச் சொன்னேன்?

“இன்னும் நாலு வாரம் போனா நானே மே மேன்னு கத்துவேன்மா,” என்றார்.

தின்ற ஈரல் அவருடைய ஈரலாக மாறாது என்று விளக்கினேன். செங்கேணி கொஞ்சம் யோசித்தாள்.

“ஆட்டுது ஆவாதுன்னா என்னுத அறுத்து வைங்களேன். பாதி போதுமா?”

“உன்னுது வாணாம்டி. காரம் தாங்காது.”

இருவரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. என் பையில் ஒரு கடிதம் இருந்தது: கல்லீரல் மாற்று அறுவைப் பயிற்சிக்கு வெளிநாட்டில் இடம். ஒரு தாய் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் குழந்தைக்குக் கொடுத்ததை அப்போதுதான் படித்திருந்தேன். வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் வரவில்லை. இறந்தவர்களின் கல்லீரலைப் பொருத்துவதும் நம் ஊரில் இல்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடல் தாண்டி ஒரு வழி இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்பதையா சொல்வது? மறைத்தது இரக்கமா பயமா என்று திரும்பும் பேருந்தில் யோசித்தேன். பூந்தமல்லி வரை ஒரு பதில், அதற்குப் பிறகு வேறு பதில்.

நோயாளியின் வீட்டுக்குப் போக நினைக்கும் இளம் மருத்துவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், மழைக்காலத்தில் ரப்பர் செருப்பு போதும். வராதவரைத் திட்டுவதற்கு முன் அவர் வீட்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், நீங்கள் எழுதிய சீட்டையும். நான் எழுதிய அந்தக் கறித் தடை பிற்பாடு பாடத்திலிருந்தே போய்விட்டது.

முனுசாமி அந்த வியாழக்கிழமை வந்தார். நீர் எடுத்தோம். பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு இறந்துபோனார். மார்ச்சில் நான் பயிற்சிக்குப் போனேன்.