வெங்காயப் பாத்திக்குக் கீழே

புலம்பெயர்ந்து வந்த லாச்சப்பல் வீட்டுச் சமையலறையில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பேத்தி துளசி ஈராக்கில், குர்து மக்களின் ஊரொன்றில், பழங்காலத்துப் பானைகளைத் தோண்டி எடுக்கிறாள். அத்தனை பெரிய படிப்பும் மண் கிளறத்தான். அதை நான் படிக்காமலே செய்தேன். அவளுடைய மண் சுரண்டும் கரண்டி பானை ஓட்டில் உரசிக் கிறீச்சென்றது. எனக்குப் பல் கூசியது.

எட்டு வயதில் கேட்ட அதே சத்தம். ஊரில் எங்கள் வெங்காயத் தோட்டத்தில், என்னைப் பெற்ற ஐயா வாய்க்கால் வெட்டும்போது அலவாங்கின் இரும்பு முனை ஒரு தாழியில் உரசியது. ஈரமண் மணந்தது. உள்ளே கறுப்பும் சிவப்புமாகச் சின்னச் சட்டிகள்.

"வாயைத் திறக்காதை பிள்ளை. அரசாங்கக் கந்தோர்க்காரர் அறிஞ்சால் காணியை எடுத்துப்போடுவினம்," என்றார் ஐயா.

ஊர் முழுக்க வாயடிக்கும் நான் அன்றைக்கு வாயை மூடினேன். ஐயா எல்லாவற்றையும் உடைத்து மூடி, மேலே வெங்காயம் நட்டார்.

"அம்மம்மா, இண்டையோடை எங்கடை வேலை முடிஞ்சுது," என்றாள் துளசி போனுக்குள்ளிருந்து. "காணி போயிடுமெண்டு பயந்து, காணிக்காரர் குழியை மூடச் சொல்லுறார்."

"அவரைக் கூப்பிடு. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு."

என் கதையை அவள் குர்து மொழியில் சொன்னாள். மீசைக்காரரான அந்தக் காணிக்காரர் ஏதோ கேட்டார்.

"உங்கடை காணி மிஞ்சினதோ எண்டு கேக்கிறார்."

"இல்லை. சண்டையிலை அதுவும் போட்டுது. காட்டுறதுக்கு ஒரு ஓட்டுத்துண்டும் எங்களிட்டை இல்லையெண்டு சொல்லு. அவரின்ரை மீசை வடிவெண்டும் சொல்லு."

அவர் சிரித்தார். பிறகு வேலியோரமாகக் கையைக் காட்டினார்.

"அங்கையும் ஒரு பானை புதைஞ்சு இருக்காம், அம்மம்மா!" என்று துளசி கத்தினாள். "உழேக்கை கண்டவராம். இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம்!"