பதினொன்று புள்ளி ஒன்று

போன வருடம் ஆடி மாதம், வடமாலபேட்டைக்குத் தெற்கே கல்குவாரிகளுக்கு நடுவில் நிற்கும் ஒரு குன்றின் மேல் நடந்தது இது.

புத்தூரில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அந்தக் குன்றில் எங்கள் கம்பம் ஒன்று இருக்கிறது. கரண்ட் லைன் எட்டாத உயரம். இரண்டு சோலார் பலகை, ஒரு பேட்டரி, உச்சியில் வெள்ளைத் தட்டு மாதிரி ஆன்டெனா. செல்போன் சிக்னல் எட்டிப் பார்க்காத பின்சரிவில் மூன்று ஊர்களுக்கு அதுதான் நெட்.

பேட்டரியின் வோல்டேஜ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் போனுக்கு வரும். காலையில் ஏறி, சாயங்காலம் இறங்கும் ஒரு கோடு. மலைமேல் வெயில் மூச்சுவிடுவதை பஸ்ஸிலோ ஹோட்டலிலோ உட்கார்ந்து உள்ளங்கையில் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் ஒரு கிறக்கம். மலைக்குப் போவதே குறைந்துவிட்டது.

அந்தக் கோட்டில் தினமும் காலை ஒன்பதரை வாக்கில் ஒரு பள்ளம் விழ ஆரம்பித்தது. பத்து நிமிடம்தான். யாரோ பலகையை மறைத்துக்கொண்டு வயரில் கை வைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஆள் அனுப்பி முள்கம்பி வேலி போட்டு, கேட்டுக்குப் பூட்டும் போடச் சொன்னேன். மறுநாளே பள்ளம் காணோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரத்தில் கோடு மொத்தமாகத் தாழ்ந்தது. ஆடி மேகம், பேட்டரிக்கும் வயசாச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு பதினொன்றரை வோல்ட். பதினொன்றைத் தொட்டால் எல்லாம் தானாக அணைந்துவிடும். அந்த நேரம் பார்த்து பின்சரிவு ஊரிலிருந்து ஒரு பெண் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு காலேஜ் பெயர்களை ஏற்ற இன்றுதான் கடைசி நாளாம். சர்டிபிகேட் சரிபார்ப்பு இழுத்ததில் அவளுக்கு அந்தப் பக்கம் இன்றுதான் திறந்திருக்கிறது. நெட் விட்டுவிட்டு வருகிறது.

வண்டியை எடுத்தேன். விடுவிடுவென்று குன்றேறினேன். வேலிக்கு வெளியே, ஆடுகளுக்கு நடுவில், என் வயதிருக்கும் ஒரு பெண்மணி நின்றிருந்தார். கையில் ஈரத்துணி, தண்ணீர் பாட்டில்.

"பூட்டு போட்ட சார் நீதானா? கண்ணாடிய ஆடு துன்னுடும்னு வேலி கட்டினியா?"

அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். குவாரித் தூசி தூறலில் குழைந்து காய்ந்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

நான் பூட்டைத் திறக்கும்போது சொன்னார். தினமும் ஆடு ஓட்டி வரும்போது துடைத்துவிட்டுப் போவாராம். கண்ணாடி அழுக்கானால் நெட் நிற்கும் என்று சொன்னது மகள். என்னைக் கூப்பிட்டவள்தான் அந்த மகள். தினமும் விழுந்த பத்து நிமிடப் பள்ளம், இவர் குனிந்து துடைத்த நிழல். ஒவ்வொரு நாளும் அந்தப் பள்ளத்துக்குப் பிறகு கோடு முன்னைவிட உயர எழுந்ததை நான் கவனிக்கவே இல்லை.

"மூணு வாரமா கம்பிக்கு இந்தாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தேன் சார். எம்பொண்ணு படிப்பு அந்தத் தூசில மாட்டிக்கினு கீது."

கைக்குட்டையை நனைத்து ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் மறு மூலையிலிருந்து. அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீரும் தீர்ந்தது, என்னுடையதும் தீர்ந்தது. துடைத்த இடமெல்லாம் வானம் துண்டு துண்டாகத் திறந்தது. கண்ணாடிக்குள் மேகம் மெல்ல நகர, அதன்மேல் எங்கள் கைகள் நகர்ந்தன. அந்த வானத்தின் மேல் மிதப்பதுபோல் இருந்தது.

போனை எடுத்துப் பார்த்தேன். பதினொன்று புள்ளி ஒன்று. அசையாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளி நில்லு சார். உன் நிழலு வுழுது."

நகர்ந்தேன். மேகம் விலகி வெயில் இறங்கியது. பதினொன்று நாலு. பதினொன்று ஒன்பது. எண்களை உரக்கச் சொல்லச் சொன்னார், சொன்னேன். பன்னிரண்டைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு போனை அம்மாவிடம் கொடுத்தேன். எல்லாம் ஏற்றியாகிவிட்டது என்றாள். அவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு ஆடுகளின் பின்னே போனார். ஓடிப்போய் கேட்டின் சாவியைக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அந்தப் பெண் இப்போது திருப்பதியில் படிக்கிறாள். என் போனில் இன்று எத்தனையோ மலைகளின் கோடுகள் ஓடுகின்றன. ஒன்று புரியாமல் வளைந்தால், காரணம் எனக்குத் தெரியும் என்று தோன்றும் அந்த நொடியிலேயே எழுந்து, அந்த மலையில் நடமாடுகிறவர்களைக் கேட்கக் கிளம்பிவிடுகிறேன்.