முக்காட்டு நுனி

உம்மு குல்சுமைத் தெரியாதவர்களுக்கும் அவளுடைய கைவேலை தெரியும். மாரி தொடங்கிவிட்டால் போதும், கிளிவெட்டி ஊர் வயல்காரரின் கால்விரல் இடுக்கிலும் சல்லிக் கரை மீன்காரரின் பாதத்திலும் சேற்றுப்புண் வந்து குடியிருக்கும். அதற்குப் பூசுகிற களிம்பு சின்ன டப்பிகளில் கடை கடையாகப் போகும். அதைக் கலக்கியவள் கிண்ணியாவில் இருந்த இந்தக் குல்சும்தான். ஊரார் கால் ஆற உழைத்தவளின் வீட்டிலேயே அந்த மருந்து புகுந்து விளையாடியதை என்னவென்று சொல்வது!

ஜவாஹிர் என்பவர் தன் வீட்டுப் பின்வளவில் தகரக் கூரை போட்டு அந்தக் களிம்புச் சாலையை நடத்தினார். பீப்பாயில் வெள்ளைத் தூள் வரும். கடற்காற்றின் ஈரத்தில் அது கட்டிபட்டுக் கிடக்கும். குல்சும் அதை உடைத்து, அரிதட்டில் போட்டு, இடியப்பத்துக்கு மா அரிப்பதுபோல அரிப்பாள். பிறகு தராசில் நிறுத்து, உருக்கிய வாஸ்லினில் கொட்டிக் கிண்டுவாள். அரிக்கும்போது தூள் புகையாய் எழும்பும். காற்றாடி போட்டால் எல்லாம் பறந்துவிடும் என்று அதையும் நிறுத்தி வைத்திருப்பார்கள்.

பீப்பாயின் மேல் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு கையில் துளி விழுந்து கை அரிபடுகிற படம். வேலைக்கு வந்த புதிதில் அது என்னவென்று குல்சும் கேட்டாள்.

"சாலிசிலிக் அமிலம். கண்ணுக்குப் பொல்லாதது புள்ள. கண்ணாடியும் மாஸ்க்கும் போடாமத் தொட வேணாம். பட்டா உடனே தண்ணியால கழுவிக்கொண்டே இருக்கோணும்" என்றார் ஜவாஹிர்.

அவள் தலையை ஆட்டினாள், மனம் ஆடவில்லை. அமிலம் என்றால் பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீர்போல இருக்கும், பட்டால் புகையும். இது மாப்போலக் காய்ந்து கிடக்கிறது. போதாததற்கு, புண்ணை ஆற்றுகிற மருந்து வேறு. மருந்துக்குப் பயப்படுகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்காதா?

கண்ணாடியைச் சில நாள் போட்டும் பார்த்தாள். தகரச் சூட்டில் அது ஆவி பிடித்துத் தராசு தெரியாமல் போனது. மாஸ்க்கின் வார் முக்காட்டுக்குள் காதை அறுத்தது. இரண்டையும் ஆணியில் மாட்டிவிட்டு, முக்காட்டு நுனியை மூக்குக்கு மேலால் இழுத்துப் பல்லால் கடித்துக்கொண்டு அரித்தாள். வெயிலுக்கும் தெருப் புழுதிக்கும் அந்நிய ஆண்களுக்கும் காவலாயிருந்த முக்காடு இந்தத் தூளுக்கு மட்டும் காவலாகாதா என்ன? தும்மல் வந்தது, விரல் நுனியில் தோல் உரிந்தது. "உரிஞ்சாப் புதுத்தோல் வரும்தானே" என்று பகிடி விட்டாள். ஜவாஹிரும் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பழகப் பழகப் பாம்புக்கும் பயமில்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

குல்சுமுக்கு ஒரே மகள், றிஷானா. கலியாணமாகி நெடுங்காலம் நேர்ந்தும் அழுதும் பெற்ற பிள்ளை; இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். வாப்பா நிப்றாஸ் கடலுக்குப் போய்த் திரும்பும்போது, கரையில் நிற்கிற பெரியவர்கள் கையை நெற்றியில் வைத்துப் படகைத் தேடிக்கொண்டிருக்க, "அந்தா வாப்பாட போட்டு!" என்று முதலில் கத்துகிறவள் அவள்தான். "என்ட மகள்ட கண் பருந்துக் கண்" என்று நிப்றாஸ் சொல்லிச் சொல்லிப் பூரிப்பான். அந்தக் கண்ணில்தான் வினை வந்து விழுந்தது.

மழை தொடங்கிய வாரம். களிம்பு கேட்டுக் கடைக்காரர்கள் நெருக்கினார்கள். குல்சும் ஒரு பீப்பாய் முழுவதையும் அரித்து முடித்து, எலும்பெல்லாம் நோக வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வளவில், சீதனமாய்க் கிடைத்த வீட்டில், அவளுடைய தங்கச்சி சுஹைரா இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. பகலில் றிஷானாவையும் அவள்தான் பார்ப்பாள். உம்மாவைக் கண்டதும் பிள்ளை ஐஸ்பழம் வழிகிற முகத்தோடு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது.

"என்ன கோலம் இது மகள்!" என்று குல்சும் குனிந்து, முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், வேர்வை இறங்கிய கண்ணையும் அழுத்தித் துடைத்தாள். எந்த உம்மாதான் துடைக்க மாட்டாள்?

பிள்ளை வீறிட்டு அலறியது. கண்ணைக் கசக்கு கசக்கென்று கசக்கியது.

"மண் போயிட்டுது போல" என்றாள் குல்சும்.

"கையை எடுங்க ராத்தா, நான் பால் விடுறன்" என்று சுஹைரா ஓடிவந்தாள். கண் நோவுக்குத் தாய்ப்பால் விடுவது அவர்கள் கண்ட வைத்தியம். அவர்களுடைய உம்மாவும் அதைத்தான் செய்தாள். குளிர்ந்தது போலிருக்க, பிள்ளை விம்மி விம்மித் தூங்கிப் போனது. அடுத்தடுத்த நாளும் கண் சிவந்து வீங்கியே கிடந்தது. அடுத்தடுத்த நாளும் பால்தான். குல்சும் வேலைக்குப் போனாள், வந்தாள், அதே முக்காட்டோடு பிள்ளையை மடியில் போட்டுத் தாலாட்டினாள்.

ஒரு நாள் வேலை நடுவில் அவளுடைய போனுக்குச் சுஹைரா ஒரு படம் அனுப்பினாள். வலது கண்ணின் கருமணியில் வெள்ளையாய் ஒரு பொட்டு. குல்சும் அரிதட்டைப் போட்டது போட்டபடி ஓடினாள். பிள்ளையை அள்ளிக்கொண்டு, சுஹைராவையும் ஏற்றி, ஓட்டோவில் பாலம் கடந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கண் டொக்டர் இராகுலன் லைட்டைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கண்ணுக்க என்ன பட்டது?"

"மண் டொக்டர்."

"மண் இப்பிடிச் சுடாது. தண்ணியால கழுவினீங்களா?"

"இல்ல... பால் விட்டம்."

நாலு பக்கமும் தண்ணீர் தளும்புகிற ஊரில் அந்தக் கண்ணுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கிடைக்கவில்லை. புண்ணுக்குள் பால் போய்க் கிருமி பிடித்துவிட்டது என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க என்ன வேலை அம்மா செய்யிறீங்க?"

"களிம்பு கலக்கிற வேலை. சேத்துப்புண்ணுக்குப் போடுற..." கண்ணீர் முட்டியது. வழக்கம்போல முக்காட்டு நுனியை எடுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

டொக்டர் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். "அதை முகத்தில வைக்காதீங்க!"

குல்சும் குனிந்து பார்த்தாள். கறுப்புத் துணியின் ஓரமெல்லாம் மாப் பூத்ததுபோல வெள்ளையாய்ப் படிந்திருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. வெளியே வாங்குப் பலகையில் இருந்த சுஹைரா, "என்ட பாலாலதான் வந்தது ராத்தா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "இல்லடி, நான்தான். நான்தான் என்ட கையால துடைச்சன்" என்றாள் குல்சும். தங்கச்சியின் தோளைப் பிடித்து அழவும் அவளால் ஏலவில்லை. அந்தத் துணி இடையில் இருந்தது.

கிருமி போனது. புண் ஆறியது. கண்ணில் பூ மட்டும் விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. வலப்பக்கம் இருக்கிற கதவு நிலையில் றிஷானா அடிக்கடி முட்டிக்கொள்வாள். நிப்றாஸ் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவன் பருந்துக் கண் கதையை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான்.

குல்சும் அதே வேலைக்குத்தான் திரும்பிப் போனாள். வேறு வேலை யார் வைத்திருக்கிறார்கள்? இப்போது கண்ணாடி ஆணியில் தொங்குவதில்லை. ஆவி பிடித்தால் கழற்றாமல் வெளியே போய் நின்றுவிட்டு வருகிறாள். வேலை உடுப்பை அங்கேயே அவிழ்த்துக் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பின்வளவுப் பைப்படியில் தலையோடு முழுகாமல் உள்ளே கால் வைப்பதில்லை. இப்படித் தொடங்கிய புதிதில் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ளப் பார்க்கும். "கிட்ட வராத! தொடாத!" என்று இவள் பேய் பிடித்தவள்போலக் கத்துவாள். பிறகு பிள்ளை ஓடி வருவதை விட்டுவிட்டது.

போன கிழமை ஒரு நாள் குல்சுமுக்கு வேலை இல்லை. முழுகி, அலுமாரியிலிருந்து துவைத்து வெளுத்த முக்காடு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். முன்பள்ளி விட்டு றிஷானா வந்தாள். வாயெல்லாம் ஐஸ்பழம். குல்சுமுக்கு நெஞ்சு பொங்கிற்று. குனிந்து, முக்காட்டு நுனியை ஆசையோடு தூக்கினாள்.

பிள்ளை இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, ஊசி போட வந்ததுபோல விறைத்து நின்றது.

"முழுகிட்டீங்களா உம்மா?"

"ஓம் மகள். இது வெளுத்தது. சத்தியமா வெளுத்தது."

பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்து, "பரவாயில்ல உம்மா, நான் என்ட சட்டையில துடைக்கிறன்" என்றது.