ஒத்திகை நோயாளியின் காய்ச்சல்

கொரோனா ஓய்ந்த பிறகு எங்கள் மருத்துவமனையில் ஆண்டுக்கொருமுறை ஒத்திகை நடத்த ஆரம்பித்தார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டியிருந்த சின்னத் தனியார் மருத்துவமனை அது. நான் அங்கே மூத்த நர்ஸ். இன்னதென்று தெரியாத தொற்றுநோயோடு ஒருவர் வந்து நின்றால் யார் கதவைத் திறப்பது, யார் கவச உடை போடுவது, எந்த வழியாகத் தனி வார்டுக்குக் கொண்டுபோவது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். சுரங்கத்துப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு ஒத்திகை என்பது பழகிப்போன விஷயம். சைரன் ஊதினாலும் கையிலிருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

ஒத்திகைக்கென்று ஒரு தாள் உண்டு. நோயாளிக்கு எத்தனை டிகிரி காய்ச்சல், நாடித்துடிப்பு எவ்வளவு என்றெல்லாம் அதில் முன்கூட்டியே அச்சடித்திருக்கும். நாங்கள் அதைப் பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்வோம். நோயாளியாக நடிக்க, வார்டு பெருக்கும் கான்ட்ராக்ட் பெண்களில் ஒருவரை டாக்டர் கூப்பிடுவார். அந்த முறை படுத்தவர் சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பெருக்கிக்கொண்டே வார்டு முழுவதையும் வம்புக்கு இழுக்கிற அக்கா. அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தார்.

“பிரமாதம்மா! அப்படியே இருங்க” என்றார் டாக்டர்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் தொட்டுப் பார்க்காமல் விட மாட்டேன். தாளில் நூற்றிரண்டு டிகிரி என்று இருந்தது. எழுதிவிட்டு நகர வேண்டியதுதானே? கவச உடைக்குள் வியர்த்து வழிந்துகொண்டு, சும்மா இருக்க முடியாமல், தெர்மாமீட்டரை அந்த அக்காவின் அக்குளில் வைத்தேன். நூற்றிரண்டரை காட்டியது. கோளாறாக இருக்கும் என்று வேறொன்றை எடுத்து வைத்தேன். அதுவும் அதையேதான் காட்டியது.

“டாக்டர், இவங்களுக்கு நெஜமாவே காய்ச்சல்.”

“கரெக்ட், பேப்பர்ல அதான இருக்கு. எழுதுங்க சிஸ்டர், டைம் ஓடுது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலேயே பயமும் வந்தது. தனி வார்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் குனிந்து, “எத்தனை நாளாக்கா?” என்று கேட்டேன்.

“மூணு நாளா சிஸ்டரு. மாத்திர போட்டுகினுதான் வந்துகினு இருக்கேன். சத்தம் போடாதீங்க. ஜொரம்னு தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிட்டு என் ஷிஃப்டுக்கு வேற ஆளப் போட்டுடுவாங்க.”

அந்த விதி எங்கள் மருத்துவமனை போட்டதுதான். தொற்று உள்ளே வரக்கூடாது என்று, காய்ச்சல் உள்ளவர்கள் வேலைக்கு வர வேண்டாம் என்ற அறிவிப்பைச் சுவரில் ஒட்டியதே நான்தான். எனக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. அந்த அக்காவுக்குக் கிடையாது என்பது ஒட்டும்போது என் புத்தியில் உறைக்கவேயில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“வேற யாருக்காவது இருக்கா?”

“எங்க தெருவுல நாலு வூட்ல படுத்துகினு கெடக்குறாங்க. மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போட்டுக்கறதுதான்.”

எங்கள் காய்ச்சல் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். அந்த ஊரின் பெயரே அதில் இல்லை. படியேறி வந்த காய்ச்சல் பதிவேட்டில் ஏறும். மருந்துக்கடையோடு திரும்பிப்போன காய்ச்சல் எதில் ஏறும்? இத்தனை வருடம் அந்தப் பதிவேட்டை எழுதியவளுக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

பதிவேட்டில் எழுதினால் அக்காவின் ஷிஃப்ட் போய்விடும். விட்டால் அந்த நாலு வீடு எட்டாகும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை கொதித்தது. நான் எழுதினேன்.

ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. மறுநாளே சுகாதாரத் துறை ஆட்கள் அந்தத் தெருவுக்குப் போனார்கள். தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்களில் கொசுப் புழு நெளிந்தது. எதிர் வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேரை உடனே கடலூர் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அக்காவின் ஷிஃப்டுக்கு, அவர் பயந்தபடியே, வேறு ஆள் வந்துவிட்டது. நான் மேனேஜரிடம் தினமும் போய் நின்றேன். காய்ச்சல் என்று சொல்பவரின் இடத்தை நிரந்தரமாக இன்னொருவருக்குத் தரக்கூடாது என்று எழுதி வாங்குவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது.

அந்தத் தாளோடு அவர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வருவதாகச் சொன்னார். எதிர் வாசலில் அந்த இரண்டு குழந்தைகளும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏன் சிஸ்டரு, அன்னிக்கி நடிக்கறதுக்கு நீங்க வேற யாரையாவது கூப்ட்டிருந்தா?”