பிணைக்கைதியின் இடது செருப்பு

என் மாமா எங்கே போனாலும் செருப்பை ஜோடியாகக் கழற்றிவிட மாட்டார். வலது செருப்பு வாசலோரம் கிடந்தால் இடது செருப்பு பூந்தொட்டிக்குப் பின்னால் இருக்கும். இல்லாவிட்டால் மாடிப்படிக்கு அடியில், அல்லது யாருடைய ஸ்கூட்டருக்கோ கீழே. நான் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து பார்த்துவருகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான்.

"டேய், என் வீட்டுல எவன்டா உன் செருப்பைத் தூக்கிட்டுப் போகப் போறான்?" என்று அம்மா கேட்பாள். மாமா அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி.

"உன் வீட்டுக்காரர் காலும் என் காலும் ஒரே அளவுதான்க்கா. அதை மறந்துடாத."

திருடனுக்கு எப்போதும் அவசரம், ஜோடி தேடிக்கொண்டு நிற்கமாட்டான் என்பது மாமாவின் கொள்கை. அந்தக் கொள்கையால் அவருடைய செருப்பு ஒருமுறைகூடத் திருடு போனதில்லை. ஆனால் கிளம்பும் நேரத்தில் குடும்பமே குனிந்து தேட வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்தில் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். பின்னால் ஒரு முதுகு மட்டும் குரோட்டன்ஸ் செடிக்குள் குனிந்திருக்கிறது. அது மாமா.

அவருக்கு ஷட்டர் பழுது பார்க்கும் வேலை. கடைகளின் இரும்பு ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டாலோ, சுருள்வில் அறுந்து தொப்பென்று விழுந்தாலோ, முதலாளி சாவியைத் தொலைத்தாலோ மாமாவுக்குத்தான் போன் வரும். மொபெட்டில் ஏணியைக் கட்டிக்கொண்டு போவார். பூட்டிய கடையைத் திறந்துவிடும்போது அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஷட்டரை இடுப்பளவு தூக்கியதும் கையை எடுத்துவிடுவார். கடைக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நிற்பார். முதலாளி குனிந்து உள்ளே போய், கல்லாவைப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்று சொன்ன பிறகுதான் திரும்புவார். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. ஆனால் கடைத்தெரு முழுக்க அந்த முதுகை நம்பித்தான் அவரைக் கூப்பிட்டது.

அந்த வருடம் புது வணிக வளாகம் ஒன்று கட்டி முடித்திருந்தார்கள். அதிலிருந்த எல்லா ஷட்டர்களையும் வருடம் முழுக்கப் பராமரிக்கும் வேலையை யாராவது ஒருவரிடம் கொடுப்பதென்று வியாபாரிகள் சங்கம் முடிவு செய்திருந்தது. மாமாவுக்குத்தான் கிடைக்கும் என்று பேச்சு. கிடைத்தால் வளாகத்துப் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறையும் தருவார்களாம். அதுவரை அவருடைய பட்டறை என்பது வீட்டு மாடிப்படிக்கு அடியில், கிரீஸ் டப்பாவும் கேஸ் சிலிண்டரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும் இடம். "அந்த ரூம் மட்டும் கிடைச்சுட்டா என் சமையலறையில இருந்து உங்க ஸ்பிரிங்கெல்லாம் வெளியேறிடும்" என்று அத்தை நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மாமா வங்கிக் கொள்ளையில் மாட்டிக்கொண்டார்.

கொள்ளை சினிமாவில். காலியாகக் கிடந்த பழைய கட்டடம் ஒன்றை வங்கியாக மாற்றிப் படப்பிடிப்பு நடத்தினார்கள். கொள்ளையர்கள் உள்ளே இருக்கும்போது ஷட்டர் விழ வேண்டும். அது விழ மறுத்தது. மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் காலையிலேயே போய்ச் சரிசெய்துவிட்டு ஏணியை மடக்கும்போது, ஒரு பிணைக்கைதி வரவில்லை என்று உதவி இயக்குநர் கத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க படுங்க."

"எங்க படுக்கணும்?"

"தரையில. குப்புற. எழுந்திரிக்கக் கூடாது, அவ்வளவுதான் நடிப்பு."

மாமா படுத்தார். காலையில் ஒரு காட்சி முடிந்தது. மதியம் சாப்பாட்டுப் பந்தலுக்கு வெளியே வழக்கம்போல ஒரு செருப்பை இந்த முனையிலும் இன்னொன்றை அந்த முனையிலும் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது இடது செருப்பைக் காணோம்.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா சாதாரணமாகச் சொன்னாராம்: "ஒத்தைச் செருப்பா கிடந்துச்சு. எவனோ வேணாம்னு வீசிட்டுப் போயிட்டான்னு குப்பை வண்டியில போட்டுட்டேன். ஜோடியா இருந்தா நான் எதுக்குத் தம்பி தொடப் போறேன்?"

வாழ்நாள் கொள்கை ஒரு துடைப்பத்தில் போயிற்று. அதற்குள் உதவி இயக்குநர் மறுபடி கத்தினார்: "காலையில ரெண்டு கால்லயும் செருப்பு இருந்துச்சு! இப்பவும் ரெண்டு இருக்கணும்!" மாமாவுக்குப் பக்கத்தில் தூணை ஒட்டிப் படுத்திருந்த இன்னொரு பிணைக்கைதிதான் தன் இடது செருப்பைக் கழற்றி நீட்டினார்.

"இந்தாங்க, போட்டுக்குங்க. என் காலைத் தூண் மறைக்குது. எவனுக்கும் தெரியாது."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா இங்க வந்துட்டேன். படுத்தா தூங்கிடுவேன். ஷாட் முடிஞ்சதும் தட்டி எழுப்பிவிட்ருங்க."

சொன்னபடியே தூங்கிவிட்டார். கொள்ளையன் கூரையைப் பார்த்துச் சுட்டபோது பிணைக்கைதிகள் எல்லாரும் நடுங்கினார்கள். அவர் மட்டும் புரண்டு படுத்தார். காட்சி முடிந்ததும் ஷட்டர் மேலே ஏற மறுத்தது. "ஷட்டர் அண்ணே!" என்று கூப்பிட்டார்கள். மாமா எழுந்து ஓடினார். ஏணியிலிருந்து அவர் இறங்கியபோது தரை காலியாக இருந்தது. பிணைக்கைதிகளைப் பின்வாசல் வழியாக வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மாமாவின் வலது காலில் பழுப்புச் செருப்பு, இடது காலில் தூங்கியவரின் நீல வார்ச் செருப்பு.

சில மாதங்களில் படம் வெளியானது. வளாகத்து வேலை இன்னும் முடிவாகவில்லை. முதல் வாரமே குடும்பத்தோடு போனோம். மாமா சலவைச் சட்டை போட்டு, யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று முகத்தை மறைத்துக்கொள்ளக் கைக்குட்டையும் எடுத்துவந்திருந்தார். படத்தில் அவருடைய முகம் வரவில்லை. கால்கள் வந்தன. அத்தைதான் முதலில் கத்தினார்: "ஐயோ, இவருதான்!"

"எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"கல்யாணம் ஆனதுல இருந்து இவர் மூஞ்சியைவிடக் காலைத்தான் அதிகம் பாத்திருக்கேன். எப்பப் பாரு எதுக்கு அடியிலயாவது படுத்துட்டிருப்பாரு."

படத்தில் லாக்கர் அறையை யாரோ உள்ளிருந்து திறந்துவிடுகிறார்கள். யார் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. இது போதாதா? எங்கள் தெருமுனையில் இருந்த செல்போன் ரிப்பேர் கடையில் தினமும் மாலை ரசிகர்கள் கூடிவிட்டார்கள். கடைக்காரனை எல்லாரும் 'ஃபிரேம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலும் "அந்த ஃபிரேமைப் பாத்தியா?" என்றுதான் ஆரம்பிப்பான். சொந்தமாக ஒரு வீடியோ சேனலும் வைத்திருந்தான். நான் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் நிபுணர் என்று என்னையும் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். வங்கிக்குள் பாஸ்புக் பதிய மட்டுமே போயிருக்கிறேன் என்பதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"மேனேஜர்தான் திறந்தான். ஏசி ஓடுது, அவனுக்கு மட்டும் வேர்க்குது."

"உனக்குந்தான் பரீட்சை ஹால்ல வேர்த்துச்சு. நீ என்னத்தைத் திறந்த?"

"எனக்கு அந்தப் பாட்டுத்தான் புடிக்கல. சுரங்கத்துல தவழ்ந்துட்டிருக்கான், திடீர்னு எப்படிடா பனிமலைக்குப் போனான்?"

"லவ் வந்துடுச்சு, போயிட்டான். உனக்கு வந்தாத்தானே தெரியும்!"

அப்போதுதான் ஃபிரேம் கையை உயர்த்தினான். படத்தை நிறுத்தி, திரையில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினான். குப்புறப் படுத்திருக்கும் ஒரு பிணைக்கைதி. முதல் காட்சியில் இரண்டு செருப்பும் பழுப்பு. அடுத்ததில் இடது செருப்பு நீலம்.

"இவன் நடுவுல எழுந்து போயிருக்கான். லாக்கரைத் திறந்துவிட்டுட்டு, திரும்பி வந்து அவசரத்துல அடுத்தவன் செருப்பை மாட்டிட்டுப் படுத்துட்டான். டைரக்டர் நமக்கு விட்ட க்ளூ இது!"

அது என் மாமாவின் கால் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த விளக்கத்தில் எந்த ஓட்டையும் இல்லை. மாமா ஒருவேளை எழுந்து போயிருப்பாரோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. மூன்று வருடம் படித்தது இதற்குத்தானா என்று அன்று இரவு நெடுநேரம் யோசித்தேன்.

வீடியோ தீயாகப் பரவியது. ஒரு பேட்டியில் இயக்குநரிடமே கேட்டார்கள். அவர் செருப்பைக் கவனித்தே இருக்கமாட்டார் என்பது முகத்தில் எழுதியிருந்தது. மெதுவாகச் சிரித்து, "ரசிகர்களோட கண்ணு ரொம்பக் கூர்மை. இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது" என்றார். முடிந்தது கதை. அந்தக் கால் யாருடையது என்று கண்டுபிடிக்க ஃபிரேமுக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. அத்தைதான் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாரே. ரசிகர்கள் வீட்டுக்கு வந்து மாமாவின் காலோடு படம் எடுத்துக்கொண்டார்கள். "அண்ணே, முகம் வேணாம். கொஞ்சம் குப்புறப் படுங்க" என்றார்கள். மாமா வெட்கத்தோடு படுத்தார். உள்ளூர அவருக்குக் குஷிதான்.

அந்தக் குஷி கடைத்தெருவில் கலைந்தது. பாத்திரக்கடையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார். பாத்திரக்கடைக்காரர் உள்ளே போகாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இல்ல, படத்துலயும் இப்படித்தான், ஒண்ணும் தெரியாதவன் மாதிரி படுத்திருந்தீங்க" என்று சிரித்தார். சிரிப்புதான். ஆனால் ஒரு கை கல்லாச் சாவியின் மேல் இருந்தது. அடுத்த வாரம் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். "ஷட்டர் வேலையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஆளுங்க ஒரு மாதிரி பேசிக்கிறாங்க."

மாமா அன்று இரவு சாப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

"நீ படிச்சவ. நீயே சொல்லு. குப்புறப் படுத்துக்கிட்டே ஒருத்தன் திருடனாக முடியுமா?"

"படத்துல முடியும் மாமா."

"நான் படத்துலயா குடியிருக்கேன்?"

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவானது. ஃபிரேமின் கடையில் கேமரா முன்னால் மாமா உட்கார்ந்தார். நீலச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு துடைப்பம், குப்பை வண்டி, தூங்கியவர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பேசி முடித்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. ஃபிரேம் கைதட்டினான்.

"சூப்பர்ண்ணே! எவ்வளவு இயல்பா மறைக்கிறீங்க!"

"மறைக்கல தம்பி. நடந்ததே அதான்."

"புரியுது, புரியுது. அடுத்த பாகம் வர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிருப்பாங்க."

வீடியோவுக்குக் கீழே வந்த கருத்துகளும் இதே ரகம். 'இவ்வளவு அப்பாவியாக ஒருவர் இருக்கவே முடியாது' என்று ஒருவர். 'தூங்கியவர் என்று சொல்கிறாரே, அவர்தான் மூளை' என்று இன்னொருவர். உண்மையைச் சொல்லப் போய், கும்பலில் ஒரு ஆளைக் கூட்டிவிட்டு வந்தார் மாமா.

கடைசியில் சங்கக் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். செருப்பை வாசலில் ஜோடியாகவே விட்டார். அதைப் பார்த்தபோதுதான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

உள்ளே ஷட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "கொள்ளைக்கு ஒத்தாசை பண்ண ஆளுகிட்டயா ஷட்டரைக் கொடுக்கறது?" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

"அது சினிமாய்யா!"

"சினிமான்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தச் செருப்பு எப்படி மாறுச்சு? அதுக்குப் பதில் சொல்லுங்க."

செயலாளர் மேசையைத் தட்டினார். சினிமாவே பார்க்காத மனிதர் அவர்.

"இந்த விவகாரத்துக்காக நேத்து மத்தியானம் டிக்கெட் வாங்கிட்டுப் போய் அந்தப் படத்தைப் பாத்தேன். ஹீரோ பத்து பேரை அடிக்கிறான், ஒருத்தனும் போலீசுக்குப் போன் பண்ணல. மேனேஜர் அழுகிறான். காவலாளி காப்பி குடிக்கப் போயிட்டான். ஆனா அந்த ஷட்டர் இருக்கே, சும்மா வெண்ணெயில கத்தி இறங்குற மாதிரி இறங்குச்சு. கோணல் இல்ல, கிறீச்சுன்னு ஒரு சத்தம் இல்ல. திருட்டுப்பயலுக எல்லாரும் உள்ள மாட்டிக்கிட்டானுங்க. அந்த பேங்க்லயே ஒழுங்கா வேலை பாத்தது அது ஒண்ணுதான். அதைப் பண்ணது யாரு?"

"நான்தாங்க" என்றார் மாமா.

"கொள்ளைக்காரனுக்குக் கூட்டாளியா இருந்தா எவனாவது அவனுங்க தலைமேலயே ஷட்டரை இறக்குவானா?"

"இந்தக் கோணம் எனக்குத் தோணலையே" என்றார் பாத்திரக்கடைக்காரர். அவரும் ரசிகர்தானே. விமர்சனத்தை விமர்சனத்தால்தான் வெல்ல முடிந்தது. வேலை மாமாவுக்குக் கிடைத்தது. வெளியே வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, "நீ இங்கயே நில்லு" என்றார். அறையைப் பார்க்கச் சாவி வாங்க மறுபடி உள்ளே போனவர், போகும்போது ஒரு செருப்பைப் படியிலும் இன்னொன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் விட்டுவிட்டுப் போனார்.

இப்போது அந்த அறையில் சுருள்வில்களும் கிரீஸ் டப்பாவும் இருக்கின்றன. ஷட்டருக்குப் பக்கத்துக் கொக்கியில் அந்த நீலச் செருப்பு தொங்குகிறது. படத்தின் நினைவாக மாட்டியிருக்கிறார் என்று ரசிகர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு, "அது என் செருப்புதான்" என்று சிலர் வந்தார்கள். ஒருவர் அதற்காகவே வெறுங்காலோடு வந்திருந்தார். மாமா எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அன்னைக்கு என்கிட்ட என்ன உதவி கேட்டீங்க?"

"டைரக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்" என்றார் ஒருவர். "ஒரு டீ வாங்கித் தரச் சொன்னேன்" என்றார் இன்னொருவர். வீடியோவிலேயே தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களே என்று மாமாவிடம் கேட்டேன். "அதை நம்பினவன் ஒருத்தனும் இல்லையே" என்றார் மாமா.

தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தால் வீடே மாமாவின் காலுக்காகக் காத்திருக்கும். அவர் மட்டும் திரையின் ஓரத்தில் அந்தத் தூணையே பார்ப்பார். துப்பாக்கி வெடிக்கும்போது, "இப்பப் புரண்டு படுக்கிறாரு பாரு" என்பார் மெதுவாக. எங்களுக்குத் தூண்தான் தெரியும். வேனில் ஏற்றும்போது அந்தத் தூங்கியவரை யார் எழுப்பினார்கள், ஒற்றைச் செருப்போடு எவ்வளவு தூரம் நடந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கு மாமா தர வேண்டியது ஓர் இடது செருப்பு. அதோடு, தோளில் ஒரு தட்டு.