கோட்டில் ஏறிய விறகு மணம்

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு குளிர்காலம். லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டைச் சூடாக்கிய பழைய பொயிலர் கண்ணை மூடியது. இனி விறகில்தான் வீட்டைச் சூடாக்குவது என்று நானும் மனைவியும் ஒத்துப்போனோம். அடுப்பை எங்கே வைப்பது என்பதில்தான் முட்டிக்கொண்டோம்.

அவளுக்கு அது வரவேற்பறையில் வேண்டும். "நெருப்பைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும். இந்த நாட்டுக்கு வந்து பத்து வருசம், எனக்கு இன்னும் குளிர் விடேல்லை," என்றாள்.

எனக்கோ மணம் என்றால் பயம். எங்கள் ஆட்கள் பலரைப் போல நாங்களும் மிளகாய் வறுப்பதையும் மீன் பொரிப்பதையும் பின்வளவுக் கொட்டிலில்தான் வைத்திருந்தோம். வேலைக்குப் போடும் கோட்டில் மணம் ஏறக்கூடாது. ஒருமுறை ரயிலில் பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்து எழுந்துபோனதை நான் மறக்கவில்லை. விறகையும் வெளியேதான் எரிப்பது என்று ஒரே பிடியாக நின்றேன்.

"கொட்டிலுக்குள்ளை எரியட்டும். சுடுதண்ணி குழாயாலை உள்ளுக்கு வரும். சூடு சூடுதானே?"

"ஓம், உங்கட விருப்பம்."

அந்த ஓமில் அவள் விருப்பம் இல்லை. தெரிந்தும் தெரியாதவன்போல இருந்துவிட்டேன்.

புகைக்கட்டுப்பாட்டுக்காக நகரக் கவுன்சில் அனுமதித்த வகை அடுப்பு வந்தது. முதல் சனிக்கிழமை வீடு முழுக்க இளஞ்சூடு. யன்னலுக்கு வெளியே மூடுபனியில் மதிலும் பக்கத்து வீட்டு மரமும் மெல்லக் கரைந்துகொண்டிருந்தன. சோபாவில் சாய்ந்து, தூக்கமா விழிப்பா என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தேன். வென்றுவிட்டேன் என்ற நினைப்பு வேறு. தேத்தண்ணி கேட்டுக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மேல்மாடியில் இல்லை, குசினியிலும் இல்லை.

பின்கதவைத் திறந்தேன். வெண்மைக்குள் கொட்டில் வாசல் மட்டும் செம்மஞ்சளாக மிதந்தது. அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, அடுப்பின் கதவைத் திறந்துவைத்து, கைகளை நீட்டியபடி குந்தியிருந்தாள். அப்படியொரு நிம்மதியை அவள் முகத்தில் நான் லண்டனில் கண்டதில்லை.

"உள்ளுக்கு வாருமன். நல்ல சூடாயிருக்கு."

"சூடு இருக்கு. நெருப்பு இல்லையே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளை வெளியே விட்டுவிட்டு வீட்டைச் சூடாக்கி வைத்திருந்தேன்.

உள்ளே போய் உட்கார இரண்டு கதிரைகளை எடுத்துவந்தேன். கைக்கு அகப்பட்டது வேலைக்குப் போடும் கோட்டு. அதையே போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் இருட்டும்வரை இருந்தேன்.

திங்கட்கிழமை ரயிலில் என் கோட்டு விறகாய் மணத்தது. யார் மூக்கைச் சுளித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. அவளுடைய கோட்டும் இப்போது இப்படித்தான் மணக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.