கோயிலுக்குப் போகாத விருந்தாளிகள்

பொன்மலைப்பட்டியில் மெஸ் நடத்தும் அமலராணி மனிதர்களை இரண்டாகத்தான் பிரிப்பாள். குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள். பணக்காரன், ஏழை என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான். அவள் பிறந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில், படித்தது ரயில்வே பள்ளியில், ஒரே மகள் பெலிண்டாவைப் பெற்றது ரயில்வே ஆஸ்பத்திரியில். அப்பாவும் ஒர்க்‌ஷாப், கட்டிக்கொண்ட பிலோமின்ராஜும் ஒர்க்‌ஷாப். கூரை ஒழுகினால் எழுதிப் போட்டால் போதும், முணுமுணுத்துக்கொண்டாவது ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவான். பிலோமின்ராஜ் ரிட்டயரான கையோடு இறந்துபோனபோது பென்ஷன்கூட அலைச்சல் இல்லாமல் அவள் பேருக்கு மாறியது. பெரிய நிறுவனம் தன் ஆட்களைக் கைவிடாது என்ற நம்பிக்கை ஞானஸ்நானத்தோடு சேர்த்து அவள் தலையில் ஊற்றப்பட்டது. அவளைக் குறை சொல்லி என்ன செய்வது? அவள் விஷயத்தில் ரயில்வே அப்படித்தான் நடந்துகொண்டது.

அந்த நம்பிக்கையில்தான் மகளையும் கொடுத்தாள். வையம்பட்டியிலிருந்து தோட்டம், கிணறு, சொந்த வீடு என்று ஒரு வரன் வந்தது. பையன் தங்கமான பையன். "மழை பேஞ்சாத்தான சோறு?" என்று ஒரே வார்த்தையில் தட்டிக் கழித்துவிட்டாள். பிரவீன்ராஜ் வந்தான். தெற்கே கடலோரத்தில் கீழைக்கடல் மின் நிறுவனம் நடத்தும் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, ஆனால் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். உள்ளேயே ஆஸ்பத்திரி, ஸ்கூல், பார்க். அமலராணி போய்ப் பார்த்துவிட்டு வந்து, கொல்லைப்பக்கம் முருங்கை வைக்க இடம் விட்டிருக்கிறார்கள் என்பதைப் பூசைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

பெலிண்டா முழுகாமல் இருந்து ஐந்தாம் மாதம் நடக்கும்போது அந்த நிலையத்தில் விபத்து நடந்தது.

முதலில் ஸ்டோர் ரூமில் புகை என்றது கம்பெனி. பிறகு நீராவிக் குழாய் ஒன்று விரிசல் விட்டுவிட்டது என்றது. அதற்கும் பிறகு, கதிர்வீச்சு கொஞ்சம் கசிந்தது உண்மைதான், ஆனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை என்று டிவியில் ஒரு அதிகாரி சிரித்த முகமாகச் சொன்னார். ஜனங்கள் அந்தச் சிரிப்பைத்தான் நம்பவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். அந்தப் பக்கத்து மீனைத் திருச்சி மார்க்கெட்டில்கூடத் தொட ஆளில்லை. வேறு கடலில் பிடித்தது என்று வியாபாரி சத்தியம் செய்தாலும் அதையும் நம்பாமல் கோழிக்கடைக்குப் போனார்கள்.

அமலராணியின் மெஸ்ஸில் தினமும் இதே பேச்சு. ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் தமிழ்மணி, அவளிடம் பல வருஷமாகச் சாப்பிடுகிறவன், வாய் அடங்காதவன்.

"அக்கா, பொண்ணைப் போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. மூணு தடவை மாத்திப் பேசிட்டான். நாலாவது என்ன சொல்லுவான்னு அவனுக்கே தெரியாது."

"உனக்கு எவன் நல்லா இருந்தாலும் பொறுக்காது. ஆபத்துன்னா அவங்க சொல்ல மாட்டாங்களா? அவங்க ஆளுங்களும் அங்கதான இருக்காங்க?"

"எத்தனை பேரு இருக்காங்கன்னு நீங்க பாத்தீங்களா?"

அவன் வாயை அடைக்க அவளிடம் ஒரு ஆயுதம் இருந்தது. நிலையத்தின் மூத்த மேனேஜருடைய மனைவி ரஞ்சனி, டவுன்ஷிப் பெண்கள் குழுவுக்குத் தினமும் வாட்ஸாப்பில் பேசி அனுப்புவாள். அதிகாரிகளின் பங்களாக்கள் தனி காம்பவுண்டு, டெக்னீஷியன் வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. பெலிண்டா அதை அம்மாவுக்கும் அனுப்பிவைப்பாள். அமலராணி போனின் சத்தத்தைக் கூட்டி, சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். மெஸ் முழுக்க அந்தக் குரல் கேட்கும். கொஞ்சம் கரகரப்பான, பாசமான குரல்.

"நான் ரஞ்சனி பேசறேன். என் ரெண்டு பசங்களும் என்கூடத்தான் இருக்காங்க. என் சமையல்கட்டுல நின்னுதான் பேசிட்டிருக்கேன். சத்தியமா சொல்றேன், ஆபத்துன்னா ஒரு தாயா நான் இங்க இருப்பேனா?"

இதற்கு மேல் யார் என்ன பேசுவது? தமிழ்மணி தலையைக் குனிந்து மோர் சாதத்தைப் பிசைவான். பக்கத்துத் தெருவில் மகன் குடும்பத்தை அங்கே வைத்திருந்த ஒரு அம்மாளும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நிம்மதியாகத் திரும்பிப் போனாள். அமலராணிக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

ஏழாம் மாதம் பிறந்தது. வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வர வேண்டும். பெரிய கடைவீதியில் வளையல்கூட வாங்கியாகிவிட்டது. பிரவீன்ராஜ் போனில் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"அத்தை, ஒன்பதாம் மாசம் வச்சுக்கலாங்க. இப்ப பெலிண்டா கிளம்பினா, கம்பெனிக்காரன் பொண்டாட்டியே ஓடிட்டாள்னு ஊரெல்லாம் பேசும். குடும்பத்தை யாரும் வெளியில அனுப்பாதீங்கன்னு மேல இருந்து சொல்லியிருக்காங்க. எனக்கு வேலை நிரந்தரமாகிற நேரம்."

"சரிங்க மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் அமலராணி. போனை வைத்த பிறகுதான் யோசித்தாள். ரயில்வேயில் ஸ்ட்ரைக் சமயத்தில்கூடப் பிள்ளைத்தாய்ச்சியை ஊருக்கு அனுப்பாதே என்று எவனும் சொன்னதில்லை. ஆனாலும் ரஞ்சனி மேடமே இருக்கிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரமே மாப்பிள்ளையிடமிருந்து இன்னொரு போன் வந்தது. கம்பெனி விருந்தாளிகள் சிலர் ஸ்ரீரங்கத்துக்குக் கோயில் பார்க்க வந்திருக்கிறார்கள், கொஞ்ச நாள் தங்குவார்கள், அத்தை கையால் மதியச் சாப்பாடு கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றான். "பெலிண்டாகிட்ட மட்டும் சொல்லாதீங்க அத்தை. எங்க அம்மாவை எதுக்கு இந்த வெயில்ல அலைய விடுறீங்கன்னு என்னைத் திட்டுவா." எவ்வளவு அக்கறை என்று அமலராணிக்குச் சிரிப்பு வந்தது.

டிவிஎஸ் வண்டியின் இரண்டு பக்கமும் கேரியர்களைக் கட்டிக்கொண்டு மன்னார்புரம், சத்திரம் வழியாகக் காவிரிப் பாலத்தைத் தாண்டினாள். அம்மாமண்டபம் சாலைக்குப் பின்னால் ஒரு புது அபார்ட்மென்ட். டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த பெரிய ஆபீஸ்காரர்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். எல்லாம் பெண்களும் குழந்தைகளும். ஆண்கள் கண்ணில் படவில்லை. ஒரு வேலைக்காரப் பெண் வாசலிலேயே சாப்பாட்டை வாங்கிக்கொள்வாள்.

அமலராணி கிறிஸ்தவச்சிதான். ஆனால் ஸ்ரீரங்கத்துக்கு வந்து பெருமாளை எட்டிக்கூடப் பார்க்காத யாத்ரீகர்களை அவளும் இப்போதுதான் பார்க்கிறாள். நெற்றியில் ஒரு கோடு இல்லை, கையில் ஒரு துளசி இல்லை. பிள்ளைகள் காலையிலிருந்து லேப்டாப்பில் பாடம் படித்துக்கொண்டிருந்தன. கோயிலுக்கு வந்த இடத்தில் எவனாவது பாடம் படிப்பானா? ஒருநாள் படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஒரு பெண்ணிடம், "இங்கதான் சைவம். எங்க மெஸ்ஸுக்கு வாங்க, நல்ல மீன் குழம்பு போடுறேன்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மீன் பேச்சே எடுக்காதீங்க" என்று குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏதோ விரதம் போலிருக்கிறது என்று நம்முடைய அமலராணி அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். நம்புகிறவர்களுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்காரப் பெண் வரவில்லை. கதவு திறந்து கிடந்தது. கேரியரைத் தூக்கிக்கொண்டு அவளே உள்ளே போனாள். சமையலறையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ரஞ்சனி பேசறேன். வதந்தியைக் கேட்டு யாரும் கலங்காதீங்க. பசங்களோட காலையிலகூட நம்ம பீச்சுல நடந்துட்டு வந்தேன். சத்தியமா சொல்றேன், எல்லாம் நல்லா இருக்கு."

அமலராணியின் கையிலிருந்த கேரியர் சுவரில் இடித்தது. அந்தக் குரலை அவளைவிட அதிகம் கேட்டவர்கள் யார்? தன் மெஸ்ஸில் தானே ஒலிபரப்பிய குரல். ஊரார் வாயைத் தன் கையாலேயே அடைக்க உதவிய குரல். அது ஸ்ரீரங்கத்தில், காவிரிக்கரையில் நின்றுகொண்டு கடற்கரையைப் பற்றிப் பேசுகிறது.

பேசியதை அனுப்பிவிட்டு ரஞ்சனி திரும்பினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தூக்கமில்லாத கண்கள்.

"சாப்பாடா? அங்க வச்சிடுங்க."

"உங்க சமையல்கட்டு இதுதானா மேடம்?"

ரஞ்சனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்க யாரு?"

"பிரவீன்ராஜ் மாமியார். என் பொண்ணு பெலிண்டாவுக்கு ஏழாம் மாசம். உங்க பேச்சைக் கேட்டுத்தான் அங்க உக்காந்திருக்கா."

"மேல இருந்து எழுதிக் கொடுக்கிறாங்கம்மா, நான் படிக்கிறேன். படிக்கலைன்னா அவர் வேலை போயிடும்." ரஞ்சனியின் குரலில் இப்போது கரகரப்பு மட்டும்தான் இருந்தது. "எனக்கும் சின்னப் பசங்க. நான் என்ன செய்வேன், சொல்லுங்க. ஆனா உங்க மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியுமே? விபத்து நடந்த மூணாம் நாளே எங்களை வேன்ல ஏத்தி அனுப்பினது அவர்தான். அவர் சொல்லலையா உங்ககிட்ட?"

கம்பெனி ஏமாற்றியதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். தாங்க முடியாமல் போனது இதைத்தான். மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிட்டவன், அடுத்தவன் பிள்ளைகளை வேன் ஏற்றிவிட்டு, தன் பிள்ளையைச் சுமக்கிறவளை அங்கேயே உட்கார வைத்திருக்கிறான். வந்தவர்களுக்குச் சோறு போட அவள் தாயையே ஏற்பாடு செய்திருக்கிறான். அமலராணி கேரியரைத் தரையில் வைத்தாள். போனை எடுத்து மகளுக்கு வீடியோவில் போட்டாள்.

"என்னம்மா இந்நேரத்துல?" பெலிண்டா கட்டிலில் சாய்ந்திருந்தாள், கன்னமெல்லாம் பூசினாற்போல் இருந்தது.

"டிரஸ்ஸை எடுத்து வை. நான் வரேன், உன்னைக் கூட்டிட்டுப் போக."

"ஆரம்பிச்சிட்டியா? ஆபத்துன்னா கம்பெனி சொல்லாதான்னு நீதானம்மா சொல்லுவே? ரஞ்சனி மேடம் இப்பத்தான் பேசினாங்க. பீச்சுக்குப் போயிட்டு வந்தாங்களாம்."

அமலராணி போனைத் திருப்பிக் காட்டினாள். ரஞ்சனி துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ராஜகோபுரம் தெளிவாகத் தெரிந்தது.

"மேடம்?" என்றாள் பெலிண்டா. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, "மேடம்?" என்றாள்.

போன் அம்மா பக்கம் திரும்பியதும் அவள் கேட்டது ஒன்றுதான். "அவருக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் மகளின் வாழ்க்கை கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அமலராணி யோசித்தாள். நல்லதுக்கென்றுதானே எல்லோரும் பொய் சொன்னார்கள்?

"தெரியும்டி. அவர்தான் இங்க சாப்பாடு கொடுக்கச் சொன்னாரு."

"அப்ப நீ எத்தனை நாளா கொடுக்கிறே?"

"ரெண்டு வாரமா. ஆனா இவங்க யாருன்னு எனக்கு இப்பத்தாண்டி தெரியும். சத்தியமா."

பெலிண்டா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடமும் சத்தியம் பண்ணித்தான்மா சொன்னாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அன்று மதியமே அமலராணி பஸ் ஏறினாள். மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குத் திரும்பினாள். பிரவீன்ராஜ் டவுன்ஷிப் வாசல்வரை பின்னாலேயே வந்து, வேலை நிரந்தரமானதும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பெலிண்டா திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், ஆனால் வழி நெடுக முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். மெஸ்ஸில் தமிழ்மணி இலையிலிருந்து எழுந்து நின்றான். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. பக்கத்துத் தெரு அம்மாளிடம் அமலராணியே நேரில் போய், தான் போட்டுக் காட்டியது பொய்க்குரல் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த அம்மாள் காறித் துப்பாத குறைதான்.

கல்யாணமான பெண்ணுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் பார்க்க மாட்டார்கள். மன்னார்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையைக் காட்டி, இது தலை, இது கை என்று விளக்கினாள். "குழந்தை நல்லா இருக்கு. கவலைப்பட ஒண்ணுமே இல்லை" என்று சிரித்தாள். நல்ல மனுஷி. பொய் சொல்ல அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் பெலிண்டா, இரண்டு நாளில் முதல் தடவையாக அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நெசமாத்தான் சொல்றாங்களாம்மா?"

ஆமாம்டி என்று சொல்லத்தான் அமலராணி வாயைத் திறந்தாள். டாக்டர் சொன்னால் வேதம் என்று ஒரு ஆயுசு முழுக்க இருந்தவள்.

"தில்லைநகர்ல இன்னொரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அங்கயும் ஒரு தடவை காட்டிடுவோம்" என்றாள்.

"அங்கயும் நல்லா இருக்குன்னு சொன்னா?"

அமலராணி மகளின் வயிற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். குழந்தை அசைகிறதா என்று தானே கையை வைத்துப் பார்த்தாள்.